ஊருக்கே செல்லமான பூனைக்கு வீடும் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊர் சுற்றும் செல்லப் பூனைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் கடை, அலுவலகம் என்று பார்க்காமல் நுழைந்து தூங்கிய மிட்டன்ஸ் என்ற பூனைக்கு 2020-இல் மேயரே 'நகரத்தின் சாவி' என்ற கௌரவத்தைக் கொடுத்தார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹாமிஷ் என்ற பூனை உயிரோடு இருந்தபோதே, 2014-இல், அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பூனையை வளர்ப்பவர் பாடு என்ன என்று ஒரு வரிகூட இல்லையே!

எங்கள் வீட்டுப் பூனையும் இந்த ரகம்தான். காலையில் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போகும், அடுத்த பத்தாவது நிமிடம் நாலு வீடு தள்ளி ஒரு வாசலில், பிறந்ததிலிருந்து சோறே காணாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாருக்குத்தான் மனசு கேட்கும்? ஆளாளுக்குப் பால் ஊற்றுகிறார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். அதுகூடப் பரவாயில்லை. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும் தொல்லை வரும், அப்படி அடைத்து ஓரிரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். எங்கள் பூனைக்கு ஒருமுறை அந்தத் தொல்லை வந்ததால் மருத்துவர் தனி உணவு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதை அளந்து வைக்க, தெரு அதன் பங்குக்கு விருந்து வைக்கிறது. பரிசோதனைக்குப் போனால் "என்ன சாப்பிட்டது?" என்று கேட்கிறார், நான் எந்த வீட்டுக் கணக்கைச் சொல்ல?

இதைவிடப் பயம், அன்பு மிகுந்து மருந்து கொடுப்பவர்களை நினைத்தால். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், மனிதர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை போதும் கொன்றுவிட. நாய்க்கு உண்ணி போக தடவும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அதுவும் அப்படித்தான். நொண்டுகிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் தயவுசெய்து நீங்களே வைத்தியம் பார்க்காமல் கழுத்துப்பட்டையில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வெளியே விடுகிறீர்கள் என்றால் கருத்தடை, தடுப்பூசி இரண்டையும் முடித்துவிட்டு விடுங்கள். கழுத்துப்பட்டை, எங்காவது மாட்டிக்கொண்டு இழுத்தால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். அப்புறம், எல்லோருக்கும் பூனை பிடிக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள், பறவை வளர்ப்பவர்கள் இருப்பார்கள், இன்று நட்ட செடியை நாளை தோண்டிப் போட்டிருந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். புகார் வந்தால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். இனி இப்படி ஒரு பூனையின் படம் போட்டால், அது தினமும் எத்தனை மணிக்கு எந்தக் கடை வாசலில் படுத்திருக்கும் என்ற விவரத்தை மட்டும் போடாதீர்கள். கொஞ்சுவதற்கு வருபவர்களோடு தூக்கிக்கொண்டு போக வருபவர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி