லீவும் பிரேக்கும்

தேவகோட்டை

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வீட்டின் ரெண்டாங்கட்டில் ஓடு மாற்றுவதைப் பற்றிப் பங்காளிகள் கூடிப் பேசினால்தான் ஆகும். அது கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் 'பிரேக்ல இருக்கேன் அப்பச்சி' என்றாய். தீபாவளிக்கு வந்தபோது 'லீவுல வந்திருக்கேன்' என்றுதான் சொன்னாய். ஆயுசெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது காதில் விழாமல் போகுமா? லீவு என்றால் மேலே ஒருவர் அனுமதித்திருக்கிறார், திரும்பிப் போக ஒரு தேதி இருக்கிறது. பிரேக் என்பது ஓடிக்கொண்டிருப்பதில் விழுகிற இடைவெளி. டீ குடிக்க எழுந்து போகும் பத்து நிமிஷமும் பிரேக்தான், எப்போது முடியும் என்று தெரியாததும் பிரேக்தான். நீ எதைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு இதெல்லாம் தெரியாததா? சின்னப் பிள்ளையில் முற்றத்தில் விழுந்த தூணின் நிழலைக் காலால் மிதித்து 'இது ஷேடோ' என்றாய். அப்புறம் வளவுக்குள் ஓடிப்போய், வெயில் படாமல் ஆத்தா மாங்காய் அரிந்துகொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்து 'இது ஷேட்' என்றாய். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே தடுமாறுகிற இடம் அது. அப்பத்தா அன்றைக்கே உனக்குச் சுற்றிப் போட்டார்கள். அப்படிப்பட்டவன் வாய் தவறிப் பேசமாட்டாய். எங்களிடம் சொல்லத் தயக்கம் என்றால் உன் அம்மானிடமாவது சொல்லியிருக்கலாம்.

'எ வொர்க்' என்று எழுதுகிற பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் சுழித்து விடுவேன். ஜாப்பை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். அது ஒருவர் கொடுப்பது, போகவும் கூடியது. செய்கிற வேலை என்ற பொருளில் வொர்க்குக்கு எண்ணிக்கை கிடையாது. எழுத்தாளர் எழுதியதையோ ஓவியர் வரைந்ததையோ சொல்லும்போது மட்டும்தான் அதை எண்ணுவார்கள். நாம் இரண்டையும் வேலை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஒன்று போனால் இரண்டும் போய்விட்டதாக மனசு விட்டுப்போகிறது.

1942ல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது உன் ஐயா, என்னைப் பெற்றவர்கள், அங்கே கடைப் பெட்டியடியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எல்லையில் இருக்கும் தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்தார்கள். அங்கே வேலைக்குப் போனால் மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடியவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் மட்டும் 'கணக்கு முடிந்து வந்திருக்கிறேன்' என்றே சொன்னார்களாம். அப்பத்தாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஐயா கோயில் கணக்கு எழுத உட்கார்ந்தார்கள். அந்தக் கையெழுத்தை நீ பார்த்திருக்கிறாய். கடைசி வரைக்கும் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. உனக்கும் அந்தக் கைதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

இன்னொன்று. முன்பெல்லாம் 'சேலரி வந்துருச்சு, அனுப்பிட்டேன்' என்பாய். இந்தத் தடவை 'பணம் அனுப்பிட்டேன்' என்று மட்டும் சொன்னாய். சேமிப்பிலிருந்து எடுத்திருந்தால் இனி அனுப்பவே வேண்டாம். என் பென்ஷன் எங்கள் இரண்டு பேருக்கும் போதும், மூன்று பேருக்கும் போதும். மாடி அறையைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆத்தா சீப்புச் சீடை போட்டு வைத்திருக்கிறாள். கொடுத்தனுப்பவா, நீயே வந்து சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

அப்பச்சி