ரோமிங் பற்றிக் கேட்டாயே

கீழக்கரை

அன்பு முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏழெட்டு மாதம் ஊர் சுற்றப் போகிறாய் என்று வீட்டில் சொன்னேன். "இந்த வயசிலயா?" என்று கேட்டாள், கொஞ்ச நேரம் கழித்து, "கொடுத்து வச்சவர்" என்றாள். இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், இந்தோனேசியா, அப்புறம் துருக்கி, கிரீஸ், இத்தாலி. வழியெல்லாம் நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். விசா, தங்குமிடம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "செல்போன் கடைக்காரன் நீ, வெளிநாட்டில் நெட்டுக்கு மலிவான வழி எது?" என்று கடைசியில் ஒரே ஒரு வரி. அதற்குத்தான் இத்தனை பக்கம்.

முதலில் ஊர்ச் செய்தி. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இறால் வருகிறது, விலைதான் கட்டவில்லை என்று புலம்புகிறார்கள்; அது வருஷா வருஷம் இருப்பதுதான். கச்சான் காற்று பிடித்துவிட்டது. கடை வாசலில் எந்த ஃபிளெக்ஸும் நிற்க மாட்டேன் என்கிறது. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகிறது. மண்டபத்தில் இறங்கி பஸ்ஸுக்கு அலைய வேண்டியதில்லை. அதனால் இந்தப் பக்கம் வராமல் இருக்க உனக்கு இனி சாக்கு கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ டேட்டாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறாய். என் கடைக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதெல்லாம் பேங்க் எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்புகிற ஓ.டி.பி. எண்ணில். இந்த ஊரில் பாதி வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார், உனக்குத் தெரியும். பையன் அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் சிம்மைப் போட்டுக்கொள்வான். இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் சொருகிவிடுவான். ரீசார்ஜ் முடிந்துபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். சில மாதம் கழித்து எனக்கு போன் வரும்: "காக்கா, பேங்க் ஆப் தொறக்க மாட்டேங்குது, நம்பர் கட்டாயிருச்சு." டூப்ளிகேட் சிம் எடுக்க அவனே அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்பார்கள். அவன் இருப்பதோ ஜித்தாவில். டேட்டா எந்த நாட்டிலும் பெட்டிக்கடையில் கிடைக்கும், முருகேசா. உன் பத்து இலக்க நம்பர் வேறெங்கும் கிடைக்காது. பேங்க், பென்ஷன், வருமான வரி, ரயில் டிக்கெட் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

ஆகவே கிளம்பும் முன் முதல் வேலை, அந்த நம்பருக்கு ஒரு வருட ரீசார்ஜ். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும் தனி பிளான் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. வருடக் கணக்கில் எடுக்கிற பிளான்களும் அதில் இருக்கின்றன. உனக்கு அது போதும். அங்கே போய் இந்திய டேட்டாவை வைத்து என்ன செய்யப் போகிறாய்? ரீசார்ஜ் போட்ட கையோடு, வெளிநாட்டு டவரிலும் நம் சிம் வேலை செய்வதற்கான சர்வதேச ரோமிங் வசதியையும் இங்கேயே இயக்கிவிடு. தானாக வேலை செய்யும் என்று நம்பி விமானம் ஏறாதே. வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. வருகிற அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்குக் காசு. எடுக்காதே, வாட்ஸ்ஆப்பில் கூப்பிடச் சொல். போனில் அந்த சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பயணம் முழுக்க அது அணைந்தே இருக்கட்டும். இன்னொன்று: உன் பேங்க் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா பார். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-லிருந்து வருகிற கார்டுகளில் அது மூடியேதான் இருக்கும். நாமாகத்தான் ஆப்பில் திறக்க வேண்டும்.

இந்திய சிம்மை எதில் போடுவது என்பதில் கடைக்காரர்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி உண்டு. அதை இ-சிம்மாக, அதாவது பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்மாக, மாற்றிவிட்டால் போனில் ஒரு சிம் இடம் காலியாகும், அதில் அந்தந்த ஊர் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. நான் அடுத்த கட்சி. வியட்நாமில் உன் போன் தொலைந்தால் இ-சிம்மும் அதோடு போயிற்று. அங்கிருந்தபடி அதை மறுபடி ஏற்றப் புது க்யூ.ஆர். கோடு வாங்குவது லேசில்லை, அதற்கும் ஓ.டி.பி. கேட்பார்கள். பிளாஸ்டிக் சிம்மை ஒரு மலிவான ரெண்டாவது போனில் போட்டு, பையின் அடியில் வைத்துக்கொள். ஓ.டி.பி. வேண்டும்போது மட்டும் ஆன் செய். ஆனால் உன் அலமாரியில் கிடக்கிற பழைய பட்டன் போன் உதவாது. அது 2ஜி. சிங்கப்பூர் 2017-லேயே 2ஜியை மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024-ல் 3ஜியும் போயிற்று. 4ஜி எடுக்கிற போனாகப் பார்த்து எடுத்துக்கொள். பெரிய போனில் வாட்ஸ்ஆப் உன் பழைய நம்பரிலேயே இருக்கும். புது சிம் போட்டதும் "நம்பரை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிடு.

இனி டேட்டா. பெரிய போனில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்துப் பார். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.க்கு மேலேயோ கீழேயோ இ.ஐ.டி. என்று நீளமாக ஒரு எண் வந்தால் போனில் இ-சிம் வசதி இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்கென்றே ஆப்பில் பயண இ-சிம் விற்கிறார்கள். அவர்களிடம் சொந்தமாக ஒரு டவரும் கிடையாது. அந்தந்த நாட்டுக் கம்பெனிகளின் டவரில் மொத்தமாக இடம் வாங்கி, சில்லறையாக விற்கிறார்கள். நீ பாங்காக்கில் நின்று நெட்டைத் திறந்தால், அது சிங்கப்பூரையோ ஹாங்காங்கையோ சுற்றிக்கொண்டு வெளியே வரலாம். அதனால் கொஞ்சம் மந்தமாக இருக்கும். சில பேங்க் ஆப்கள் நீ எங்கேயோ இருப்பதாக நினைத்து முரண்டு பிடிக்கும். சீனா போகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சுற்றுவழியே லாபம், அங்கே தடுத்து வைத்திருக்கும் வாட்ஸ்ஆப்பும் கூகுளும் அதில் திறக்கும்.

வாங்கும்போது ரெண்டு விஷயத்தைப் படித்துப் பார். நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது? சிலது போனில் ஏற்றிய நிமிடமே ஓட ஆரம்பிக்கும், சிலது அந்த நாட்டு டவரைத் தொட்ட பிறகுதான். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் சின்ன எழுத்தைப் பார். தினமும் ஓர் அளவு தாண்டியதும் வேகத்தை நெரித்துவிடுவார்கள், ஹாட்ஸ்பாட்டும் கொடுக்க விடமாட்டார்கள். இன்னொரு சங்கதி: இந்த இ-சிம் விற்கிற ஏராலோ, ஹோலாஃப்ளை ஆப்களை 2024 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை சொல்லி இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்க வைத்தார்கள். வெளிநாட்டு சிம்மை இங்கே விற்கத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தச் சான்று உள்ள கம்பெனியாகப் பார்த்து வாங்கு.

என் கணக்கு இதுதான்: முதல் நாட்டில் இறங்கும்போது கையில் ஒரு சின்ன இ-சிம். ஒரு ஜி.பி., ஒரு வாரம், அவ்வளவு போதும். விடுதிக்குப் போய்ச் சேர, நீ வந்துவிட்டாய் என்று வீட்டுக்குச் சொல்ல. விமான நிலையத்து கவுன்டரில் சிம் வாங்காதே. அங்கே விலை, ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்து லாட்ஜ் வாடகை மாதிரி. மறுநாள் நிதானமாக ஊருக்குள் கம்பெனிக் கடைக்குப் பாஸ்போர்ட்டோடு போ. தாய்லாந்தில் ஏ.ஐ.எஸ்., ட்ரூ, வியட்நாமில் வியட்டெல், லாவோஸில் யூனிடெல், இந்தோனேசியாவில் டெல்கோம்செல். ஒரே நாட்டில் ரெண்டு, மூன்று வாரம் தங்குகிறவனுக்கு உள்ளூர் சிம்தான் மலிவு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலு நாளில் கடந்து போகிற நாடு என்றால் இ-சிம்மே போதும், கடை தேடி அலைகிற நேரம் மிச்சம்.

கிராப் ஆப்பை இங்கிருக்கும்போதே முடிந்தால் உன் நம்பரில் பதிவு செய்துவிடு. பாங்காக்கிலும் ஹனோயிலும் ஜகார்த்தாவிலும் பைக்கோ காரோ கூப்பிட அதுதான். லாவோஸில் கிராப் கிடையாது.

ரோமிங் என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாங்காக் வரை போக வேண்டாம், நம் தனுஷ்கோடி போதும். அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். நம் டவர் அங்கே நொண்டும், அந்தப் பக்கத்து டவர் கடல் மேல் தங்குதடை இல்லாமல் வரும். நம் சிக்னல் அறுந்ததும் போன் அதைப் பிடித்துக்கொண்டு, திரையின் மேல் மூலையில் இலங்கைக் கம்பெனி பெயரைக் காட்டும். சுற்றுலா வந்தவர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குதூகலிப்பார்கள். சர்வதேச ரோமிங் திறந்து வைத்திருக்கிற போஸ்ட்பெய்டுக்காரர்தான் மாதக் கடைசியில் என் கடைக்குப் பில்லோடு வருவார். அவர் கடலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்! இதற்கு வைத்தியம் எங்கள் மீனவர் எல்லாருக்கும் தெரியும்: செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் 'தானியங்கி'யில் விடாமல், நம் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது. இதை நீயும் பழகிக்கொள். லாவோஸில் மேகாங் கரையோரம் நடக்கும்போது இதே கதைதான். வியஞ்சானில் ஆற்றங்கரையில் நின்றால் அக்கரைத் தாய்லாந்து டவர் உன் போனைக் கூப்பிடும். தாய்லாந்து சிம் கையில் மிச்சமிருந்தால் அது உனக்கு வசதி. லாவோஸ் சிம் ரோமிங் திறந்திருந்தால் காசு போகும்.

நீண்ட பயணத்துக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது, ரெண்டு வாரம் சுற்றுலா போகிறவர்களுக்கு இது தெரியவே வராது. இந்தோனேசியாவில் வெளிநாட்டுப் போனில் உள்ளூர் சிம் போட்டால் 90 நாள்தான். அதற்கு மேல் வேண்டுமானால் சுங்கத்தில் வரி கட்டி ஐ.எம்.இ.ஐ.யைப் பதிவு செய்ய வேண்டும். துருக்கியில் 120 நாள். கெடு முடிந்தால் சிம்மை அல்ல, போனையே தடுத்துவிடுவார்கள், உள்ளூர் சிம் எதுவும் அதில் வேலை செய்யாது. ரோமிங்கில் இருக்கிற பயண இ-சிம்முக்கு இந்தத் தடை இல்லை. நீ பாலியில் மூன்று மாதத்துக்கு மேல் உட்கார மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உன்னை நம்ப முடியாது.

ஐரோப்பாவில் உனக்கு யோகம். 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது. கிரீஸில் வாங்கிய சிம் இத்தாலியிலும் ஓடும். முழு டேட்டாவும் வெளியே கிடைக்குமா, பாதிதானா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள். அளவு வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சுவிட்சர்லாந்து இந்த ஏற்பாட்டில் இல்லை, அந்தப் பக்கம் ரயில் போனால் ரோமிங்கை அணைத்துவிடு.

கடைசியாக, எந்த சிம் போட்டாலும் நம் பழக்கம் மாறவில்லை என்றால் காசு நிற்காது. 2016-ல் ஜியோ வந்ததிலிருந்து தினம் ஒன்றரை ஜி.பி., ரெண்டு ஜி.பி. என்று நாம் கெட்டுப் போய்விட்டோம். இங்கே ஒரு நாள் அளவு, அங்கே ஒரு வார பிளான். நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தாலே மூன்று ஜி.பி. வரை போய்விடும். வரைபடமும் எழுத்துச் செய்தியும் அதில் தூசு. அதனால் வாட்ஸ்ஆப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்து. நம் பள்ளி நண்பர்கள் குழு ஒன்றே உன் பிளானைக் காலி செய்யும், காலை வணக்கம் போடுகிறவர்களை உனக்கே தெரியும். போட்டோ பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வை. கூகுள் மேப்பில் போகிற ஊரை விடுதி வைஃபையிலேயே இறக்கிவிடு. நெட் இல்லாமல் கூகுள் நடைவழி சொல்லாது. அதற்கு ஆர்கானிக் மேப்ஸ் என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது, சந்து பொந்தெல்லாம் காட்டும். மொழிபெயர்ப்பு ஆப்பிலும் தாய், வியட்நாம் மொழிகளை முன்கூட்டியே இறக்கி வை.

விமானம் துபாய் வழியாக இருந்து அங்கே ஒரு நாள் தங்கினால், வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு போன் கெட்டுப்போச்சு என்று நினைக்காதே. எழுதலாம், அழைப்பு போகாது. எங்கள் தெருப் பெண்கள் எல்லார் போனிலும் நெட்டில் பேசுவதற்கான போட்டிம் ஆப் இருப்பது அதனால்தான்.

டிக்கெட் போடும் முன் ஒரு வார்த்தை எழுது. ரெண்டாவது போனுக்குக் கடையில் நல்ல செகண்ட் ஹேண்ட் 4ஜி ஒன்று வந்திருக்கிறது, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும், அதற்குள்ள காசை நீ கொடு.

அன்புடன்,
சீனி