கிருஷ்ணய்யரை ஒரே ஆணையில் அடக்கிவிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெருக்கடி நிலை பற்றிய உங்கள் கட்டுரை, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அமைச்சராக இருந்து நீதிபதியானவர், இந்திரா காந்தி ஜெயித்த தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடையாணை கொடுத்தவர். அவ்வளவுதான். குழித்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். படித்துவிட்டு மனசு கேட்கவில்லை.

1975 ஜூன் 24 அன்று அவர் கொடுத்தது முழுத் தடையல்ல. பிரதமராக நீடிக்கலாம், ஆனால் மக்களவையில் ஓட்டுப் போடக் கூடாது, உறுப்பினருக்கான சம்பளம் வாங்கக் கூடாது என்றார். ஒரு தரப்பு ஏன் கொடுத்தாய் என்றது, மறு தரப்பு ஏன் முழுசாகக் கொடுக்கவில்லை என்றது. அந்த ஆணையில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் சட்ட அமைச்சர் கோகலே தம்மைச் சந்திக்க விரும்பியதையும், தாம் மறுத்து மனுவைப் பதிவாளரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டதையும் கிருஷ்ணய்யரே பதிவு செய்திருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பம் அவருடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மலபாரில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளிகளுக்காகவும் வழக்காடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போனார். அப்போது மலபார் சென்னையின் கீழ் இருந்தது; நம் கன்னியாகுமரிப் பக்கத்து விளவங்கோடும் கல்குளமும் திருவனந்தபுரத்தின் கீழ் இருந்தன. 1957இல் கேரள அமைச்சரானபோது சட்டத்தோடு சிறைத்துறையும் அவர் கைக்கு வந்தது. 1965 தேர்தலில் தோற்றார். 1968இல் கேரள உயர் நீதிமன்றம், 1973இல் உச்ச நீதிமன்றம். அரசியல்காரர் நீதிபதியாவதா என்று பெரிய வக்கீல்களே எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, தாம் எதிர்த்தது தவறு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். உச்ச நீதிமன்றம் போன மறு வருடமே, 1974இல், கிருஷ்ணய்யரின் மனைவி சாரதா காலமானார்.

சிறைக்குள் இருந்து பார்த்த மனிதர் என்பதை அவருடைய தீர்ப்புகள் காட்டிக்கொடுத்துவிடும். திகார் சிறைக் கைதி சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டன் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி அனுப்பியபோது அதையே மனுவாக எடுத்துக்கொண்டது உச்ச நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் இவர். விசாரணைக் கைதிக்குக் கண்டபடி விலங்கு மாட்டக் கூடாது என்று 1980இல் சொன்னதும் இவர்தான். அவருடைய இங்கிலீஷ் கடினம். எங்கள் ஆபீசில் அகராதி இல்லாமல் ஒரு பக்கம் நகராது.

ஆனாலும் 1978இன் மோத்தி ராம் தீர்ப்பை நான் மறக்க மாட்டேன். மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் அவர். 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர், ஜாமீன்தாரர் இல்லாமலே 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ டெல்லி சாந்தினி சௌக்கில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்தது. எங்கள் பக்கம் கேரளத்துக்குக் கொத்தவேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. 1989இல் என் சித்தப்பா மகன் அங்கே ஒரு கைகலப்பு வழக்கில் மாட்டிக்கொண்டான். ஜாமீன் நிற்க 12 சென்ட் நிலத்தின் தீர்வை (நிலவரி) ரசீதோடு போனேன். தமிழ்நாட்டுச் சொத்து செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். பதினொரு நாள் உள்ளே கிடந்தான். சித்தி அத்தனை நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எங்கள் சீனியர் மோத்தி ராம் தீர்ப்பை எடுத்துக் கையில் தந்தார். அங்குள்ள வக்கீல் அதைக் காட்டி வாதாடினார். அன்று சாயங்காலமே நான் கொண்டுபோன அதே ரசீதை ஏற்றுக்கொண்டார்கள்.

தயவுசெய்து அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தையாவது எளிய தமிழில் உங்கள் இதழில் போடுங்கள். குழித்துறை, இரணியல், பத்மநாபபுரம் கோர்ட்டு வாசல்களில் தீர்வை ரசீதோடு நிற்கிறவர்கள் கையில் அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.