பழைய வண்டினா தண்ணி டீசல் தாங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

போன இதழ்ல ஒரு வாசகர், பழைய ட்ராக்டர்னா தண்ணி கலந்த டீசலைக்கூட துணியில வடிகட்டி ஊத்தி ஓட்டிடலாம்னு எழுதியிருந்தாரு. தயவுசெஞ்சு யாரும் அதை நம்பி செஞ்சிடாதீங்க, நான் செஞ்சு பட்டவன்.

ஐப்பசி மழையில தாளடி நெல் நடவுக்கு சேத்துழவு ஓட்டிட்டு இருந்தப்ப என்னோட மாஸி 1035 ட்ராக்டர் மிஸ் அடிச்சு வெள்ளைப் புகையா கக்கி நடு வயல்லயே நின்னுருச்சு. ஏர் லாக், அதாவது டீசல் குழாய்ல காத்து அடைச்சிருச்சுன்னு நினைச்சு அந்தக் காத்தை எடுத்து எடுத்து ஸ்டார்ட் பண்ணதுல பேட்டரி இறங்குனதுதான் மிச்சம். மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டர் அடி போல்ட்டை லூஸ் பண்ணா முதல்ல தண்ணி வருது, அப்புறந்தான் டீசல். கோவத்துல நேரா பங்க்ல போய் சண்டை போட்டேன், அவங்க குச்சியில தண்ணி பட்டா கலர் மாறுற பேஸ்ட் தடவி அவங்க டேங்க்ல விட்டு எடுத்து காமிச்சாங்க, கலரே மாறல.

தப்பு என் 200 லிட்டர் டிரம்லதாங்க. வெட்டவெளியில நிமித்தி வச்சிருந்தேன், மேல மழைத்தண்ணி தேங்கி நிக்கும். பகல் சூட்டுல உள்ள இருக்குற காத்து வெளிய போகுது, ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப இழுக்குது, அப்ப மூடி மரை வழியா அந்தத் தண்ணியும் சேர்ந்து உள்ள போயிருது. மூடி என்னவோ இறுக்கமாத்தான் இருந்துச்சு!

பழைய வண்டி கொஞ்சம் மட்டமான டீசலை தாங்கும், ஒத்துக்கிறேன். ஆனா டீசல் பம்புக்குள்ள ஏறி இறங்குற பிளஞ்சர் தண்டுக்கு அந்த டீசலே தான் ஆயில் மாதிரி, தண்ணி போனா வழவழப்பு போயி உரசும், வண்டி நாலு நாள் நின்னா துரு வேற. என்ஜினுக்குள்ள டீசலை பீச்சுற நாசில் முனையும் கெட்டுப்போகும். புது வண்டிங்க சிலதுல தண்ணி சேர்ந்தா லைட் எரியும், நம்மளுதுல அது ஏது.

துணி தூசியத்தான் நிறுத்தும், தண்ணி பாட்டுக்கு இறங்கிரும். டீசல் லிட்டர் 830 கிராம் சொச்சம், தண்ணி ஒரு கிலோ, அதனால ஆட்டாம ரெண்டு நாள் விட்டா தண்ணி அடியில போயிரும், மேல இருக்கறத மட்டும் டியூப் போட்டு எடுக்கலாம், அடியில நாலு விரக்கடை விட்டுருங்க. அப்பவும் கலங்கலா இருந்தா அதை டேங்க்ல ஊத்தவே ஊத்தாதீங்க. இப்ப என் டிரம் கொட்டகைக்குள்ள படுத்த மேனிக்கு கிடக்கு, ராத்திரி டேங்க்குள்ள ஈரக்காத்து குளிர்ந்து தண்ணியா படியாம இருக்க, உழவு முடிஞ்ச சாயங்காலமே வண்டி டேங்க்கையும் ரொப்பிடறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி பக்கத்து விவசாயி