மூலான் ரூஜ் நின்ற நிலம்: லாஸ் வேகஸ் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேற்கு பொனான்சா சாலையில் மூலான் ரூஜ் என்ற சூதாட்ட விடுதி நின்றிருந்த நிலத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். நான் உங்கள் வாக்காளன் அல்லன். நிறவேற்றுமைக்கு எதிரான போராட்டங்களின் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகன். அந்த நிலத்தில் நாளை எந்தக் கட்டடம் எழுந்தாலும், அங்கே நடந்தவை முழுமையாகவும், அந்த இடத்திலேயும் சொல்லப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த வரலாறு விடுதி திறக்கப்பட்ட நாளில் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மெக்னீசியம் ஆலையில் வேலை தேடி, ஆர்கன்சாவின் ஃபோர்டைஸ், லூசியானாவின் டல்லூலா போன்ற ஊர்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் லாஸ் வேகஸ் அமைந்துள்ள மொஹாவி பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு வந்தனர். நகரின் மையத்தில் கடை வைத்திருந்த கறுப்பின வணிகர்களிடம், ரயில் தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள மேற்குப் பகுதிக்கு இடம்பெயர்ந்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று 1940களில் நகர நிர்வாகமே சொன்னது. பல தெருக்கள் தார்கூடக் காணாத அந்தப் பகுதிக்குள் ஒரு சமூகம் ஒதுக்கப்பட்டதற்கு உங்கள் மன்றத்தின் பழைய முடிவுகளும் காரணம் என்பதால்தான், இம்மடலை நில உரிமையாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

1950களின் தொடக்கத்தில், சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையின் பெரிய விடுதிகளில் நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் மேடையேறினர். ஆனால் கறுப்பினக் கலைஞர்களால் பொதுவாக அந்த விடுதிகளில் அறை எடுத்துத் தங்கவோ, சூதாட்ட மேசையில் அமரவோ முடியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் மேற்குப் பகுதியின் தங்கும் வீடுகளுக்குத் திரும்பினர். இந்த நகரத்தில்தான் 1955 மே 24 அன்று, எல்லா இனத்தவரையும் வரவேற்கும் முதல் பெரிய சூதாட்ட விடுதியாக மூலான் ரூஜ் திறக்கப்பட்டது. முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கு ஒரு சிறு பங்கு இருந்தது, வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவரும் அவரே. ஒரு மாதம் ஆவதற்குள் அதன் நடனப் பெண்கள் லைஃப் இதழின் அட்டையில் இடம்பெற்றனர். ஸ்ட்ரிப்பில் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு, அதிகாலையில் இங்கே நடந்த மூன்றாவது காட்சிக்கு வெள்ளைக் கலைஞர்களும் திரண்டு வந்தனர்.

இந்த நட்சத்திரக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கறுப்பினத்தவர் அங்கே சூதாட்ட மேசையில் சீட்டு போடும் டீலர்களாகவும், மதுபானம் பரிமாறுபவர்களாகவும், காவலர்களாகவும் விருந்தினர் முன்னிலையில் பணியாற்றினர் என்பது. மற்ற விடுதிகளில் அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சமையலறையின் பின்பகுதியும் துப்புரவு வேலையும்தாம்.

ஆறு மாதம்கூட முழுதாக ஓடாமல், அந்த ஆண்டின் இறுதிக்குள் விடுதி மூடப்பட்டது. போட்டியைப் பொறுக்காத ஸ்ட்ரிப் முதலாளிகளின் சதி என்றொரு பேச்சு இன்றும் உண்டு. கடன் சுமை இருந்தது என்பதும், அதே வசந்தத்தில் ரிவியேரா, ராயல் நெவாடா, டூன்ஸ் ஆகிய மூன்று பெரிய விடுதிகள் திறக்கப்பட்டு, நகரம் தாங்கக்கூடியதைவிட அறைகள் பெருகின என்பதும் ஐயமில்லாதவை. காரணம் எதுவாயினும், மற்ற விடுதிகளின் கதவுகள் கறுப்பின விருந்தினருக்கு மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் மூடியே இருந்தன. நினைவுப் பலகைகளும் சுற்றுலாக் கையேடுகளும் இந்த இடைவெளியைத் தாண்டிச் சென்றால், ஒரு விடுதி திறந்ததாலேயே நகரம் திருந்திவிட்டது என்ற பொய்யான மனப்பதிவு ஏற்படும்.

நகரத்தை மாற்றியது மேற்குப் பகுதி மக்களின் அழுத்தம். 1960இல், பல் மருத்துவரும், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர்த் தலைவருமான ஜேம்ஸ் மக்மில்லன், அன்றைய மேயர் ஓரன் கிராக்சனுக்குக் கடிதம் எழுதி, விடுதிகள் பாகுபாட்டைக் கைவிடாவிட்டால் மக்கள் ஸ்ட்ரிப்பில் ஊர்வலமாக இறங்குவார்கள் என்று 30 நாள் கெடு விதித்தார். கெடு முடியும் நாளான மார்ச் 26 அன்று, மூடிக்கிடந்த மூலான் ரூஜ் கட்டடத்தில் ஆளுநர் கிராண்ட் சாயர், மேயர், பத்திரிகை உரிமையாளர் ஹாங்க் கிரீன்ஸ்பன் ஆகியோரும் சமூகத் தலைவர்களும் கூடினர். பெரும்பாலான விடுதிகள் இணங்க, ஊர்வலம் கைவிடப்பட்டது. அந்த உடன்பாடு விருந்தினருக்குக் கதவைத் திறந்தது. நல்ல வேலைகளுக்கான கதவைத் திறக்க 1971ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணை வரை போராட வேண்டியிருந்தது.

நெவாடாவில் சூதாட்ட உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியான சாரன் நைட் பிரெடி பிற்காலத்தில் இந்த விடுதியை ஏற்று, மீட்டெடுக்கப் பாடுபட்டார். 1992இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் பதிவேடு கட்டடத்தைக் காக்கவில்லை. 2003இலும் 2009இலும் தீ தின்றது. எஞ்சியதை 2010இல் இடித்தார்கள். பெட்டி வில்லிஸ் வடிவமைத்த நியான் பெயர்ப்பலகை மட்டும் நியான் அருங்காட்சியகத்துக்குப் போய், 2020இல் மீண்டும் ஒளிர்ந்தது. அதைக் காத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பலகை ஓரிடத்திலும் வரலாற்று நிலம் வேறிடத்திலும் இருந்தால், மேற்குப் பகுதியில் வளரும் பிள்ளைகள் தம் தெருவோரத்தில் என்ன நடந்தது என்று எப்படி அறிவார்கள்?

ஆகவே அந்த நிலத்தில் கட்டட அனுமதி கோரி எவர் வந்தாலும், பொதுமக்கள் கட்டணமின்றி நுழையக்கூடிய நினைவிடம் ஒன்றை அனுமதியின் நிபந்தனையாக்குங்கள். அதில் உரிமம் மறுத்த 1940களும், விடுதி மூடப்பட்ட பின் வந்த ஆண்டுகளும், மக்மில்லன் விதித்த கெடுவும் இடம்பெறட்டும். அங்கே பணியாற்றிய டீலர்கள், நடனக் கலைஞர்கள், சமையல்காரர்கள் ஆகியோரின் பெயர்களைக் குடும்பங்களின் சம்மதத்தோடு திரட்டிப் பொறிக்க வேண்டும். வாசகங்களை முடிவு செய்யும் குழுவில் மேற்குப் பகுதி மக்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இந்த வேண்டுகோளை மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, உங்கள் முடிவைப் பொதுவில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வரலாற்றில் அக்கறையுள்ள ஒரு தமிழ் வாசகன்