மகளுக்கு, நேர்காணலுக்கு முன்பாக

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ பேசவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள்.

உன் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல் அடுத்த மாதம் என்று தம்பி சொன்னான். வாய் தவறிச் சொன்னதுதான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அதைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நான் கேட்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் பாடத்துக்கு உதவலாம், அதை அம்மாவும் தடுக்க மாட்டாள்.

கேள்விப் பட்டியலைத் தம்பி அச்சிட்டுக் கொடுத்தான். மொத்தம் 128 கேள்விகள். அதில் 20 கேட்பார்களாம், 12 சரியாகச் சொன்னால் போதுமாம். மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவளுக்கு இது எம்மாத்திரம்? ஆனாலும் மனப்பாடம் செய்யாதே. அந்த நாட்டு அரசியல் சாசனத்தை ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்டுக்கொண்டே படி. செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர் என்பதை எவரும் ஒப்பித்துவிடலாம். 1787இல் சாசனம் எழுதப் பிலடெல்பியாவில் கூடிய 55 பேரும் பிரிட்டிஷ் அரசனிடமிருந்து விடுபட்ட தலைமுறையினர். அடுத்த அரசன் தங்களுக்குள்ளிருந்தே எழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர்களுடைய கவலை. அதனால் சட்டம் இயற்றுவதைச் செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த காங்கிரசிடமும், நிறைவேற்றுவதை அதிபரிடமும், தீர்ப்புச் சொல்வதை நீதிமன்றத்திடமும் பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்ததோடு விடாமல் ஒருவர் கையை மற்றவர் பிடித்து நிறுத்தவும் வழி வைத்தார்கள். படைகளுக்குத் தலைவர் அதிபர், போரை அறிவிக்கும் அதிகாரமோ காங்கிரசுக்கு. மசோதாவை அதிபர் திருப்பி அனுப்பினாலும் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அது சட்டமாகிவிடும். கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு நான் நடத்துவேனே, அதேதான். நீ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய்.

‘மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிற சாசனம் அது. நம்முடையதும் ‘இந்திய மக்களாகிய நாம்’ என்றுதான் தொடங்குகிறது. அதை மறந்துவிடாதே. உறுதிமொழியில் பிற நாட்டு விசுவாசத்தை முற்றிலும் துறக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்று படித்தேன். நம்முடைய 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, அந்த நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்த நாட்டுக் குடியுரிமை போய்விடுகிறது. பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். சட்டம் என்பதால் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. ஆனால் இதைத் தம்பி சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

அந்தச் சாசனத்தின் குறையையும் சேர்த்தே படி. அடிமை என்ற சொல்லை எழுதாமலே, பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள். அடிமை முறை ஒழிய உள்நாட்டுப் போரும் 1865இன் பதின்மூன்றாவது திருத்தமும் தேவைப்பட்டன. மனப்பாடம் மட்டும் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

நேற்று இரவு 1791இன் உரிமைச் சாசனத்துக்கு, அதாவது முதல் பத்துத் திருத்தங்களுக்கு வந்தேன். அதில் நான்காவது திருத்தம். பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகளிடம் ஒரு பொது ஆணை இருந்தது. எந்த வீடு, எந்தப் பொருள் என்று குறிப்பிடாத அந்த ஆணையைக் காட்டி எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து சோதனை போட்டார்கள். 1761இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர், தான் வகித்த அரசுப் பதவியை விட்டுவிட்டு அதை எதிர்த்து வாதாடினார். வழக்கில் தோற்றார். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கொள்கை சட்டமாயிற்று. ஒருவருடைய உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றைத் தகுந்த காரணம் இல்லாமல் சோதிக்கக் கூடாது.

காகிதங்கள் என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை, பாப்பா.

நீ திருச்சியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உனக்கு வந்த கடிதங்களைத் தபால்காரரிடம் பள்ளிக்கூடத்திலேயே நான் வாங்கிக்கொள்வேன். ஆசிரியர் அறையில் பிரித்துப் படிப்பேன். பசை தடவி ஒட்டி, மாலையில் உன் கையில் கொடுப்பேன். அம்மாவுக்குக் கூட இன்றுவரை தெரியாது. அந்தத் திருத்தம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது, தகப்பனை அல்ல என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

ஒரே ஒரு கடிதத்தை நான் உனக்குக் கொடுக்கவே இல்லை. கொல்லைப்புற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாயே, அந்த மே மாதம் உன் தோழியிடமிருந்து வந்தது. அவள் பதில் போடவில்லை, என்னை மறந்துவிட்டாள் என்று அழுதாய். அவள் பதில் போட்டிருந்தாள். அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு உன்னை முதல் நாளே வரச் சொல்லியிருந்தாள், உனக்காகத் தாவணி எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்பது ஒன்றுதான் அன்று என் மனத்தில் இருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரித்ததும் நான், தீர்ப்புச் சொன்னதும் நான், நிறைவேற்றியதும் நான். அடுத்த மாதமே பள்ளி திறந்தது, வகுப்பில் சமத்துவத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

நீ எதையும் என்னிடம் சொல்லாமல் செய்கிறாய் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் உனக்கு வந்த கடிதம் உன் கைக்கு வரவில்லை. நீ என்னிடம் சொல்வாய் என்று நான் எப்படி எதிர்பார்க்கலாம்?

அந்த நீல இன்லாண்டு கடிதம் பச்சைப் பெட்டியில், உன் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது. அவளுடைய முகவரி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தபாலில் அனுப்பட்டுமா, இல்லை நீ வந்து வாங்கிக்கொள்கிறாயா? ஒரு வரி எழுது. எந்தப் பாஸ்போர்ட்டோடு வந்தாலும் சரி.

நேர்காணல் அன்று காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

இப்படிக்கு,
அப்பா