கேலி பேசவும் முறை வேண்டும்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டு உன் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான். நீ பாவம், நிஜமாகவே நொந்துபோய்ப் பேசியிருக்கிறாய். அமெரிக்காவில் உன் மாமியார் வீட்டில் டீ கேட்டாய். அவர்கள் குழாய்த் தண்ணீரைக் கோப்பையில் பிடித்து, மைக்ரோவேவில் சுற்றவிட்டு, தேயிலைப் பையின் நூல் வெளியே தொங்க உன் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். உன் முகம் போன போக்கைப் பார்த்து சம்பந்தி, "போன முறை துறைமுகத்தில் கொட்டினோம், இந்த முறை கோப்பையிலாவது ஊற்றினோமே" என்றாராம். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரிக்க, நீ மட்டும் உம்மென்று இருந்தாயாம். ஆபீசிலும் உன்னை 'மகாராணி' என்று கூப்பிடுகிறார்கள் என்று வேறு புகார்.

போனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவாய். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் டீ விவகாரம். 2024 ஜனவரியில் என்ன நடந்தது என்று சம்பந்திக்கு ஞாபகப்படுத்து. பென்சில்வேனியாவில் பிரின் மார் கல்லூரியின் வேதியியல் பேராசிரியை ஒருவர், டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கசப்பு குறையும் என்று எழுதிவிட்டார். இங்கே பிரிட்டனில் பத்திரிகைகள் எல்லாம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தன. லண்டனில் இருக்கும் அமெரிக்கத் தூதரகம் முறைப்படி அறிக்கையே விட்டது: பிரிட்டனின் தேசிய பானத்தில் உப்புப் போடுவது அமெரிக்காவின் கொள்கை அல்ல, ஒருநாளும் ஆகாது என்று. அதோடு விட்டார்களா? தூதரகத்தில் நாங்கள் தொடர்ந்து சரியான முறையில், அதாவது மைக்ரோவேவில்தான் டீ போடுவோம் என்று கடைசி வரியில் ஒரு குத்து. பதிலுக்கு இங்கிருந்து அமைச்சரவை அலுவலகம், டீயைக் கெட்டிலில் மட்டுமே போட முடியும் என்று சொன்னது. இரண்டு அரசாங்கங்களும் சம்பளம் கொடுத்து ஆட்களை உட்காரவைத்து இதைச் செய்தன, பாப்பா. நீ அந்தச் சண்டையில் ஒரு சிப்பாய், அவ்வளவுதான்.

மைக்ரோவேவ் வழக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. வயரிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே 230 வோல்ட். நம் வீட்டுக் கெட்டில் 3 கிலோவாட் இழுக்கும், நீ ரொட்டிக்கு வெண்ணெய் தடவி முடிப்பதற்குள் கொதித்துவிடும். அங்கே 120 வோல்ட், கெட்டில் 1.5 கிலோவாட்டைத் தாண்டாது, அதே தண்ணீர் கொதிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். அவர்களோ காபிக்காரர்கள். எப்போதோ வரும் மருமகளின் ஒரு கோப்பை டீக்காக அடுப்பங்கரையில் ஒரு கெட்டிலை யார் வைத்திருப்பார்கள்? ஆக, அது மரியாதைக் குறைவு இல்லை. மின்சாரக் குறைவு.

நம் பக்கத்துப் பைத்தியக்காரத்தனத்தையும் அவர்களிடம் நீயே சொல்லு. 1990இல் உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும். பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. தோற்ற கையோடு நாடு முழுக்க ஜனங்கள் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டார்கள். மின்தேவை ஒரே மூச்சில் 2,800 மெகாவாட் எகிறியது. இன்றைக்கும் இந்த ரகத்தில் அதுதான் சாதனை என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் கைகொடுக்க வேல்ஸில் டினோர்விக் என்ற இடத்தில் ஒரு மலையைக் குடைந்து மின் நிலையம் வைத்திருக்கிறார்கள். மேலே ஏரி, கீழே ஏரி. ராத்திரியில் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள், தேவை எகிறினால் திறந்துவிடுவார்கள், சில நொடிகளில் மின்சாரம் வந்துவிடும். டீக்கு என்று மட்டும் கட்டியதல்ல, ஆனால் ஆட்டம் முடிந்ததும் அங்கே வேலை செய்கிறவர்கள் தயாராக உட்கார்ந்திருப்பது டீக்குத்தான். இதில் இன்னொரு வேடிக்கை: அந்த ஆட்டம் நடந்த தேதி ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர நாள். சம்பந்திக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

பாஸ்டன் துறைமுகத்தைப் பொறுத்தவரை, மன்னித்துக்கொள், நான் சம்பந்தி கட்சி. 1773 டிசம்பர் 16 அன்று, பிரிட்டன் போட்ட தேயிலை வரியை எதிர்த்து, அங்கத்திய ஜனங்கள் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது யார் சரக்கு? கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. நம் சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டு வரி வசூலித்த அதே கம்பெனி. அவர்கள் பெட்டியைத் தண்ணீரில் போட்டதற்கு நான் எந்த வாயால் வருத்தப்படுவேன்?

அப்புறம் குழாய். கல்யாணத்துக்கு வந்து லண்டனில் நம் ஈஸ்ட்ஹாம் வீட்டில் தங்கியபோது சம்பந்தி நம் குளியலறையில் நின்ற கோலம் நினைவிருக்கிறதா? கைகழுவும் தொட்டியின் இடது மூலையில் ஒரு குழாய், வலது மூலையில் ஒரு குழாய். இதில் கைவைத்தால் தோல் உரியும், அதில் கைவைத்தால் விரல் விறைக்கும். மனிதர் சோப்பு நுரையோடு இரண்டுக்கும் நடுவே மாறி மாறிக் கையை நீட்டி இழுத்து, கடைசியில் கதவைத் திறந்து, "நாங்கள் நிலாவுக்கே போய் வந்துவிட்டோம், நீங்கள் இன்னும் இரண்டு குழாயை ஒன்றாகச் சேர்க்கவில்லையே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய வீடுகளில் பச்சைத் தண்ணீர் நேராகத் தெருக்குழாயிலிருந்து வரும், குடிக்கலாம். வெந்நீர் பரணில் இருக்கும் தொட்டித் தண்ணீரிலிருந்து வரும். அந்தத் தொட்டியில் எலி விழுந்திருக்கிறதா, புறா விழுந்திருக்கிறதா, யாருக்குத் தெரியும்? அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலந்துவிடக் கூடாது என்று விதி வைத்தார்கள். தொட்டி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் இதையெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, இது காரணமே தவிர சாக்கு இல்லை என்றார்.

அப்போது எனக்கு வாயில் வராத பதில் இப்போது வருகிறது, அதை நீ உன் பெயரிலேயே சொல்லிக்கொள். நிலாவுக்குப் போனது சரி, செவ்வாய்க்குப் போனது என்ன ஆயிற்று? நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று 1999இல் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. ஒரு பக்கம் பவுண்டுக் கணக்கில் எண்களைக் கொடுத்தார்கள், இன்னொரு பக்கம் மெட்ரிக் கணக்கு என்று நினைத்து வாங்கிக்கொண்டார்கள். அங்குலத்தையும் பவுண்டையும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு உடனே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு. திரும்பிக் கேட்டால் நம் பக்கம் பதில் இல்லை. நாமும்தான் பெட்ரோலை லிட்டரில் வாங்கி மைல் கணக்கில் ஓட்டுகிறோம். கடையில் அரிசி கிலோ, மருத்துவமனைக்கு வெளியே உடம்பு எடை ஸ்டோன் என்ற பழைய அளவு. பைன்ட் என்று பீருக்கு ஓர் அளவு இருக்கிறதே, அதுகூட இரண்டு நாட்டிலும் ஒன்றில்லை, இங்கே 568 மில்லி, அங்கே 473. மாப்பிள்ளை இங்கே பப்பில் முதல் நாள் ஏன் அப்படித் தள்ளாடினார் என்பதற்கு அம்மா இன்றும் இந்தக் கணக்கைத்தான் சொல்லி அவருக்காக வாதாடுகிறாள்.

2022 ஜூலையில் லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி அடித்ததும், ரயில்கள் நின்றதும், மாப்பிள்ளை ஏசி ஓடும் அறையில் உட்கார்ந்துகொண்டு நமக்கு வீடியோ போட்டுச் சிரித்ததும் தனிக்கதை. சிரிக்கட்டும். வேலூர்க்காரன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பான்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒன்றும் இருக்கிறது. உன் மேலாளர் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, 'மோசமில்லை' என்று நீ சொன்னாய். அவள் தனியே கூப்பிட்டு உனக்கு ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாள் என்றாயே. அது அவளுடைய நல்ல மனசு. இங்கே 'மோசமில்லை' என்றால் பிரமாதம். அங்கே பிரமாதம் என்றால்தான் பரவாயில்லை. 1951 ஏப்ரலில் கொரியப் போரில் இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி, அமெரிக்கத் தளபதியிடம், நிலைமை கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது என்று சொன்னாராம். இங்கத்திய காதுக்கு அது 'செத்தோம்' என்று அர்த்தம். அமெரிக்கர் காதிலோ, சமாளித்துக்கொள்கிறார்கள் என்று விழுந்தது. அங்கே சிக்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் சிறைபட்டுப்போனார்கள். இந்தக் கதையை இங்கே பழைய ராணுவக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர்களும் அதைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வார்கள். நீ அங்கே வேலை பார்க்கும்வரை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல். கஷ்டமாக இருந்தால் கஷ்டம் என்று சொல். ஆபீசில் மட்டும் இந்த அடக்கத்தை மூட்டை கட்டி வை.

மற்றபடி கேலியை ஏன் தாங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் கேலி பேசுவதற்கு ஒரு முறை உண்டு, உனக்கே தெரியும். பங்காளி வீட்டில் வாயைத் திறந்து கிண்டல் பண்ண முடியாது, வெட்டுக்குத்தாகிவிடும். மாமன் மச்சானை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த இரண்டு நாடுகளும் பங்காளிகளாக இருந்து மாமன் மச்சான் ஆனவர்கள். 1814இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகைக்கே தீ வைத்தது. 2012இல் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் அங்கே விருந்தாளியாகப் போய் நின்றபோது ஒபாமா, இருநூறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வந்தபோது இந்த இடத்தை நன்றாக வெளிச்சமாக்கினீர்கள் என்கிற மாதிரி வரவேற்றார். இந்தத் தடவை காவல் கொஞ்சம் பலமாக இருக்கிறதே என்றார் இவர். 2014இல் வாஷிங்டனில் இருக்கும் பிரிட்டிஷ் தூதரகம் அந்தத் தீயின் இருநூறாம் ஆண்டுக்கு வெள்ளை மாளிகை வடிவத்தில் கேக் செய்து, அதைச் சுற்றி மத்தாப்புக் கொளுத்திப் படம் போட்டது. சிலர் முகம் சுளிக்க, மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. எல்லை எங்கே என்று தொட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

எனக்குப் பிடித்தது பழைய ராணி செய்ததுதான். 2007இல் அதிபர் புஷ் அவரை வரவேற்கும்போது, 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டுக்கு அவர் வந்ததைச் சொல்லப்போய், வாய் தவறி ஆண்டைப் 'பதினேழு...' என்று ஆரம்பித்துவிட்டு விழுங்கினார். ராணி அப்போது ஒரு பார்வை பார்த்ததோடு சரி. அடுத்த நாள் விருந்தில் கோப்பையைக் கையில் எடுத்து, 'நான் 1776இல் இங்கே வந்தபோது' என்று பேச்சை ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன் என்றார். உன் ஆபீஸ்காரர்கள் மகாராணி என்கிறார்களே, இந்த மகாராணியாக இரு.

நீ நியூஹாமில் பள்ளிக்கூடம் போன காலத்தில், "நீ எந்த ஊர்?" என்பார்கள். ஈஸ்ட்ஹாம் என்பாய். "அது சரி, நிஜமாக எந்த ஊர்?" என்பார்கள். கல்லூரியிலும் அதே கேள்வி, முதல் வேலையிலும் அதே கேள்வி. ஒருநாள் வந்து, நான் என்ன பதில் சொன்னாலும் அவர்களுக்குப் போதவில்லை என்று அழுதாய். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இப்போது பாஸ்டனில் உன்னைப் பார்த்து ஒருத்தர்கூட இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. நீ வாயைத் திறந்ததும் டீ, ராணி, மழை, வரிசை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு பிரிட்டிஷ்காரியைக் கேலி பண்ணுகிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. உன் அம்மா சிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இனி வீட்டு விஷயம். கெட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாய். இங்கத்திய கெட்டில் அங்கே கால்வாசி வேகத்தில்தான் சூடாகும், நீ ஓய்வு பெறும் நேரத்தில் கொதிக்கும். அங்கேயே ஒன்று வாங்கி மாமியார் வீட்டில் கொடுத்துவிடு, தேயிலை மட்டும் நான் கொண்டுவருகிறேன். சம்பந்தி சுதந்திர நாள் விருந்துக்கு எங்களை அழைத்ததில் ரொம்ப சந்தோஷம் என்று சொல். ஆகஸ்ட் 15 கொண்டாடிய வீட்டுக்காரனுக்கு ஜூலை 4ஐ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொது இடத்துக் கழிப்பறைக் கதவுகளில் இருக்கும் இடைவெளியைப் பற்றி அம்மா இப்போதே கவலைப்படுகிறாள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஹோட்டலில் டிப்ஸ் எவ்வளவு என்பதை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு அந்தக் கணக்குப் போட்டால் சாப்பிட்டது ஜீரணமாகாது.

டிக்கெட் போட்டுவிட்டுத் தேதியை அனுப்பும்போது மாதத்தை எழுத்தில் எழுது. அங்கத்திய வழக்கப்படி 7/4 என்று போட்டால் உன் அம்மா ஏப்ரல் ஏழாம் தேதியே பெட்டியோடு ஹீத்ரோவில் போய் நிற்பாள்.

அன்புடன்,
அப்பா